பாரம் போன இடம்



வாசலில் கார் நிற்கும் வீடுகளில் இருப்பவர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். எஞ்சினை இயக்காமல், ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகச் சுழற்ற முயலுங்கள். பிள்ளைகள் என்றால் தொங்கித்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். இனி எஞ்சினை இயக்குங்கள். அதே ஸ்டியரிங் இரண்டு விரல்களுக்குப் பணிந்து திரும்பும்.

நிற்கும் காரின் முன் சில்லுகளைத் தரையில் தேய்த்துத் திருப்புவது இலேசான வேலையல்ல. அந்தப் பாரத்தை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது எது? அதற்குரிய கூலி எங்கிருந்து போகிறது? பல வருடங்களாகக் கார் ஓட்டியும் இந்தக் கேள்வி என் மனதில் எழுந்ததில்லை. 2022ஆம் ஆண்டுதான் அதை எழுப்பியது. அதுவும் நல்ல முறையில் எழுப்பவில்லை.

அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைத்தால்தானே! ஷெட்டுக்கு முன்னால் இரவு பகலாகக் கிடந்தோம். வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் வரிசைக்கு வந்தது. பின்னர் ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுவதும் க்யூ ஆர் முறை வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். விலை அப்போது 450 ரூபாவுக்கு இறங்கியிருந்தது.

எங்கள் வீடு மாவனல்லையில். நான் படிப்பிக்கும் பாடசாலை 9 கிலோமீற்றர் தூரத்தில். உம்மாவுக்கு மாதம் ஒருமுறை கண்டியில் கிளினிக். பிள்ளைகளின் வகுப்புகள் வேறு. எங்களிடம் இருப்பது 1990களில் செய்யப்பட்ட ஒரு ஜப்பான் கார். வயதுக்கேற்ற வாட்டம் அதற்கு உண்டு. லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடினால் நல்ல நாள். ஆக, 20 லீற்றருக்கு 220 கிலோமீற்றர். அந்த 220க்குள் ஒரு வாரத்து வாழ்க்கையை மடித்து வைக்க வேண்டும்.

பெற்றோல் வரிசை ஒரு பெரிய கலாசாலையாக இருந்தது. அங்கே கற்பிக்காத பாடமில்லை. டிக்கியில் இருக்கும் உதிரிச் சில்லை இறக்கி வையுங்கள் என்றார் ஒருவர். கடுகண்ணாவையிலிருந்து கீழே வரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு துளி பெற்றோல் செலவில்லை என்றார் இன்னொருவர். (இதை ஒருபோதும் செய்து விடாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கின் உதவியும் நின்றுவிடும். ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிடும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். அந்த மனிதர் உயிரோடு வரிசைக்கு வந்து சேர்ந்ததே பெரிய விடயம்.) எனக்கு முன்னால் நின்ற வேன்காரர் சொன்னதுதான் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

“ஹஸரத், உங்கட காருக்கு பவர் ஸ்டியரிங்தானே? அதுக்கு ஒரு பெல்ட் ஓடுது. அது எஞ்சினைத்தான் தின்னுது. கழற்றி வெச்சிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.”

கழற்றினேன். எங்கள் காரில் ஸ்டியரிங் பம்புக்கென்று தனியாக ஒரு பெல்ட் இருந்ததால் அது சுலபமாகவும் இருந்தது. ஒரே பெல்ட்டில் தண்ணீர் பம்பும் பெட்டரி சார்ஜும் சேர்ந்து ஓடும் கார்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் நடு வழியில் கொதிக்கும் எஞ்சினோடு நின்றிருப்பார்கள். நான் கழற்றிய பெல்ட்டைக் கராஜ் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். மனைவியிடம், “ஸ்டியரிங் கொஞ்சம் பாரமாக இருக்கும், பழகிப் போகும்” என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்தக் “கொஞ்சம்” என் தோளை வைத்து நான் அளந்தது.

முதல் இரண்டு வாரமும் எனக்கு ஒரே சந்தோசம். கொப்பி ஒன்றில் கணக்கு எழுதினேன். 220 கிலோமீற்றர் ஓடிய பெற்றோலில் 226 ஓடியது. ஆறு கிலோமீற்றர் இலாபம்! அந்த இரண்டு வாரமும் நான் வழமையைவிட மெதுவாகத்தான் ஓட்டினேன் என்பதையும், ஏசியைத் தொடவே இல்லை என்பதையும் கொப்பியில் எழுத மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் உம்மாவின் கிளினிக் நாள் வந்தது. பாடசாலையில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை. லீவு எடுக்க வழியில்லை. மனைவிக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கண்டிக்கு முன்பும் பலமுறை ஓட்டிப் போயிருக்கிறார். உம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது பிரச்சினையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காரின் ஸ்டியரிங் அவ்வளவாகப் பாரம் காட்டாது. வேகம் குறையக் குறையத்தான் அதன் உண்மையான கனம் வெளியே வரும். கண்டி நகரத்தில் வாகனம் நிறுத்த இடம் தேடி, முன்னும் பின்னும் எடுத்து, திரும்பவும் அந்த நெரிசலில் ஊர்ந்து வெளியேறியபோதே அவருடைய கைகள் ஓய்ந்துவிட்டன. அதை எனக்குச் சொல்ல அவர் தொலைபேசி எடுக்கவில்லை.

பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். ஒடுங்கிய வழி. ஏற்றம். ஏறத்தாழ நிறுத்தியே திருப்ப வேண்டிய இடம். பின்னால் வந்த முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தது. மனைவி ஸ்டியரிங்கை முழுவதும் இழுக்கப் பார்த்தார். பாதியில் கை நின்றுவிட்டது. காரோ நிற்கவில்லை. ஒழுங்கையின் மறுபக்கம் இருந்த திறந்த கானுக்குள் முன் சில்லு இறங்கிய பிறகுதான் நின்றது.

உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மாவின் நெற்றி முன் இருக்கையில் மோதிக் கண்ணாடி உடைந்தது. கடைத்தெருவில் நின்ற பிள்ளைகள் ஆறேழு பேர் காரைத் தூக்கி எடுத்தார்கள். மனைவியின் வலது தோள் இரண்டு வாரம் வரை மேலே எழவில்லை. சேலையை ஒழுங்குபடுத்தக்கூட மகளின் உதவி தேவைப்பட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அன்றிரவு தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: “எஞ்சினுக்குப் பாரம் குறையட்டும் எண்டு பெல்ட்டைக் கழற்றினீங்க. அந்தப் பாரம் எங்க போகும் எண்டு யோசிச்சீங்களா?”

பாடசாலையில் பெரிய பெரிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இதற்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காரை எங்கள் ஊர்க் கராஜுக்குக் கொண்டு போனேன். அந்த நாநாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. பெல்ட்டைப் போடச் சொன்னேன். ஏன் கழற்றினேன் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்களுடையது போன்ற பழைய கார்களில் இருப்பது எண்ணெயினால் இயங்கும் பவர் ஸ்டியரிங். எஞ்சின் சுழலும்போது அதனோடு சேர்ந்து ஒரு பெல்ட் சுழல்கிறது. அந்த பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைக் குழாய் வழியே தள்ளுகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய மாத்திரத்தில் ஒரு வால்வு திறந்து, அந்த எண்ணெயை நீங்கள் திருப்பிய பக்கத்துக்கு அனுப்புகிறது. சில்லைத் தள்ளுவது அந்த எண்ணெய்தான். உங்கள் கை வழி காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதில் சிக்கல் எங்கே இருக்கிறது? ஸ்டியரிங்கைத் திருப்பாத நேரத்திலும் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும் மட்டும் அதற்கு ஓய்வில்லை. பாதை நேராகப் போனாலும், சிக்னலில் நின்றாலும் அது எண்ணெயைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணெயைச் சுற்றவைக்கச் செலவான பெற்றோல் வெறும் சூடாகி வெளியேறிவிடும்.

இதைவிட வேடிக்கையான ஒன்றும் உண்டு. ஸ்டியரிங்குக்கு அதிக உதவி எப்போது தேவை? காரை நிறுத்தும்போதும் ஒடுங்கிய இடத்தில் திருப்பும்போதும். அந்த நேரத்தில் எஞ்சின் மெதுவாகத்தான் சுழல்கிறது. ஆகவே மெதுவாகச் சுழலும்போதே போதிய எண்ணெயைத் தரக்கூடிய பெரிய பம்பாக வைக்க வேண்டியிருக்கிறது. நெடும்பாதையில் வேகமாகப் போகும்போதோ எஞ்சின் மூன்று மடங்கு வேகத்தில் சுழலும். பம்பும் மூன்று மடங்கு சுழலும். அப்போது ஸ்டியரிங்குக்கு உதவியே தேவையில்லை. மேலதிக எண்ணெய் முழுவதையும் ஒரு வால்வு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தேவை குறைந்த நேரத்தில் செலவு கூடுகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் தேநீர் ஊற்ற வேண்டுமே என்று காலையிலிருந்து இரவு வரை கேத்தலை அடுப்பில் கொதிக்க வைத்திருப்பதும், யாரும் வராத நேரம் பார்த்து நெருப்பைக் கூட்டுவதும் எப்படியோ, அப்படி. காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் இந்த உதாரணம் என் மனைவிக்கு ஒரே தடவையில் விளங்கியது.

அப்படியானால் வேன்காரர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பெல்ட் எஞ்சினைத் தின்கிறது என்பது சரி. கழற்றிவிடு என்றதுதான் பிழை. பவர் ஸ்டியரிங் இல்லாமலே செய்யப்பட்ட கார்கள் இருக்கின்றன. எங்கள் நாட்டில் ஓடிய பழைய மாருதி 800களில் பெரும்பாலானவை அப்படித்தான். அவற்றை ஓட்டிய பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கார் பாரம் குறைந்தது. கையால் திருப்புவதற்கென்றே அதன் பற்சக்கரங்களை அமைத்திருப்பார்கள். கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் இலேசாக இருக்கும். எங்கள் கார் அப்படி அமைக்கப்பட்டதல்ல. எண்ணெய் உதவிக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்பட்டது. பம்பை நிறுத்திவிட்டால் அந்த உதவி போவது மட்டுமல்ல, குழாய்களுக்குள் கிடக்கும் எண்ணெயையும் சேர்த்துக் கையே தள்ள வேண்டும். “பவர் இல்லாத கார் வேற, பவர் செத்த கார் வேற, ஹஸரத்” என்றார் நாநா. ஓட்டப் பழகும் மகனுக்கு இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தாலும் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது மின்சார ஸ்டியரிங்குக்கு வருவோம். மனைவியின் தம்பி, என் மச்சான், சுசுக்கி வெகன் ஆர் ஒன்று வைத்திருக்கிறார். 660 சி.சி. எஞ்சின். தட்டுப்பாட்டு நாட்களில் எங்கள் 20 லீற்றர் முடிந்து நாங்கள் வீட்டில் இருக்கும்போதும் அவர் ஓடிக்கொண்டிருப்பார். “மச்சான், இதுக்கு எலக்ட்ரிக் ஸ்டியரிங். பம்ப் இல்ல, பெல்ட் இல்ல, எண்ணெய் இல்ல. அதுதான் பெற்றோல் மிச்சம்” என்பார். வீட்டு விருந்துகளில் இதைக் கேட்டுக் கேட்டு என் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்த ஸ்டியரிங்கில் பம்பும் எண்ணெயும் இல்லைதான். ஸ்டியரிங் தண்டில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது நூலளவு முறுகுகிறது. எவ்வளவு முறுகியது என்பதை ஒரு உணரி அளந்து சிறிய கணினிப் பெட்டிக்குச் சொல்கிறது. கார் என்ன வேகத்தில் போகிறது என்பதையும் அந்தப் பெட்டி அறியும். இரண்டையும் பார்த்து, இவ்வளவு உதவி போதும் என்று ஒரு மின் மோட்டாருக்குக் கட்டளையிடுகிறது. காரை நிறுத்தும்போது நிறைய உதவி, வேகமாகப் போகும்போது கொஞ்சம் உதவி. நேராகப் போகும்போது மோட்டார் ஏறத்தாழச் சும்மா இருக்கும். விருந்தாளி வந்த பிறகு கேத்தலை அடுப்பில் வைப்பது என்பது இதுதான்.

மின்சாரம் இலவசமா என்றால், இல்லை. காருக்குள் இருக்கும் மின்சாரமும் பெற்றோலில் இருந்துதான் வருகிறது. எஞ்சின் ஒல்டர்நேட்டரைச் சுற்றுகிறது. அது பெட்டரிக்குக் கொடுக்கிறது. பெட்டரி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சிந்திப் போகும். நிறுத்திய காரில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும் அந்தச் சில விநாடிகளில் மின்சார ஸ்டியரிங்கும் நன்றாகவே இழுக்கும். ஆனால் அது சில விநாடிகளுக்கு மட்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் நாங்கள் ஸ்டியரிங்கைப் பலமாகத் திருப்பும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வரும்? மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு மிச்சம்? இதில் மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. எண்ணெய் ஸ்டியரிங்குக்குப் பதிலாக மின்சார ஸ்டியரிங் வைத்தால் பொதுவாக 2 முதல் 5 வீதம் வரை எரிபொருள் மிஞ்சும் என்று துறை சார்ந்தவர்கள் கணக்கிடுகிறார்கள். காருக்குக் கார், பாதைக்குப் பாதை இது மாறும். நடுவாக 3 வீதம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் 20 லீற்றரில் 3 வீதம் என்பது அரை லீற்றரைவிடச் சற்றுக் கூட. 0.6 லீற்றர். 450 ரூபா விலைக்கு 270 ரூபா. தூரத்தில் சொன்னால் ஆறரைக் கிலோமீற்றர். என் பாடசாலைக்கு ஒரு தடவை போய்ச் சேரக்கூட அது போதாது! அந்த ஆறரைக் கிலோமீற்றருக்காகத்தான் நான் ஒரு பெண்ணின் தோளை விலையாகக் கொடுத்தேன். அதுவும் என்னுடைய தோளையல்ல.

அதே நேரம் 3 வீதத்தைச் சிறுமைப்படுத்தவும் கூடாது. வாரம் 20 லீற்றர் என்றால் வருடத்துக்கு 1,040 லீற்றர். அதில் 31 லீற்றர் மிஞ்சும். 450 ரூபா விலையில் 14,000 ரூபா. ஒரு வீட்டுக்கு இது பெரிய தொகையில்லைதான். உலகத்தின் கோடிக்கணக்கான கார்களுக்குக் கணக்குப் பாருங்கள். கார் உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராக எண்ணெய்ப் பம்பைக் கைவிட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததுமல்ல. எண்ணெய் ஸ்டியரிங்கை 1920களிலேயே அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் உருவாக்கிவிட்டார். ஆயினும் 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது விற்பனைக்கு வந்தது. மின்சார ஸ்டியரிங் 1988இல் ஜப்பானில் சுசுக்கி செர்வோ என்ற மிகச் சிறிய காரில் முதலில் வந்தது. பெரிய ஆடம்பரக் காரில் வராமல் சின்னஞ்சிறு காரில் ஏன் வந்தது என்று நான் யோசித்ததுண்டு. சின்ன எஞ்சினுக்கு ஒவ்வொரு பாரமும் பெரிய பாரம். ஒரு மூட்டை அரிசியைச் சுமப்பது வாட்டசாட்டமான மனிதருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றாகுமா? அதோடு அந்தச் சிறிய பொனட்டுக்குள் பம்பும் குழாயும் வைக்க இடமும் குறைவு.

சரி, மச்சானின் கார் எங்கள் காரைவிட அவ்வளவு தூரம் ஓடுவது எதனால்? ஸ்டியரிங்கினால் மட்டுமா? 3 வீதத்தினால் அப்படியொரு வித்தியாசம் வராது. அது 800 கிலோ அளவிலான இலேசான கார். எஞ்சின் சிறியது. இவற்றுக்குப் பிறகுதான் ஸ்டியரிங். ஆனால் இங்கே நான் மச்சானுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். அவருடைய கார் சிக்னலில் நின்றவுடன் எஞ்சின் தானாக நின்றுவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் திரும்ப ஓடத் தொடங்கும். நெரிசலான நகரத்தில் அது நல்ல மிச்சம். எங்கள் காரில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் ஸ்டியரிங் கல்லாகும். எஞ்சின் நின்றாலும் உதவி நிற்காத ஒரு ஸ்டியரிங் இருந்தால்தான் எஞ்சினை இடையிடையே நிறுத்த முடியும். 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் முதல் இன்றைய ஹைப்ரிட் கார்கள் வரை எஞ்சின் நின்ற நிலையிலும் ஓடுகின்றனவே, அவை எல்லாம் மின்சார ஸ்டியரிங்கைத்தான் நம்பியிருக்கின்றன. அது தானாகக் கொண்டுவரும் மிச்சம் சிறியது. அது திறந்துவிட்ட கதவு வழியாக வரும் மிச்சம் பெரியது. இதை நான் ஒப்புக்கொண்ட அன்று மச்சான் எனக்கு வட்டிலாப்பம் இரண்டாம் முறை பரிமாறினார்.

அதற்கும் நோய் நொடி உண்டு. பெட்டரி பலவீனமானால் ஸ்டியரிங் விளக்கு எரியும், கை பாரமாகும். மோட்டாரோ கணினிப் பெட்டியோ பழுதானால் பெரிய செலவு. எங்கள் நாநா எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பூட்டுவது போல அதை மரத்தடியில் வைத்துத் திருத்த முடியாது. ஆனால் உதவி நின்றாலும் ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடாது என்பதைச் சகோதரிகள் நினைவில் வைத்திருங்கள். திடீரென்று பாரமானால் பதறாமல் இரண்டு கைகளாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தலாம். எண்ணெய் ஸ்டியரிங்குக்கும் இது பொருந்தும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நாநா சொன்ன சில விடயங்களையும் எழுதிவிடுகிறேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கத்துக்குக் கடைசிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு முனகல் சத்தம் கேட்குமே, அது பம்ப் தன் முழுப் பலத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும் சத்தம். அந்த நேரத்தில்தான் எஞ்சினை அது அதிகம் இழுக்கிறது. எண்ணெயும் கொதிக்கிறது. முட்டும் இடத்திலிருந்து ஒரு விரல் அளவு திருப்பி விட்டால் போதும். கார் நின்ற இடத்திலேயே நின்றிருக்க ஸ்டியரிங்கைத் திருப்புவதைவிட, சிறிது உருண்டுகொண்டே திருப்பினால் பம்புக்கும் டயருக்கும் இலேசு.

அடுத்தது டயர்க் காற்று. பெல்ட்டைப் பூட்டிய நாளில் நாநா ஒரு அளவியை எடுத்து வந்து நான்கு சில்லுகளையும் பார்த்தார். 30 இருக்க வேண்டிய இடத்தில் 22 காட்டியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும். அதனால் ஸ்டியரிங் பாரமாகும், பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு புள்ளி குறைந்தால் 0.2 வீதம் எரிபொருள் வீண் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. எட்டுப் புள்ளிக்கு ஒன்றரை வீதத்துக்கு மேல் வருகிறது. பெல்ட்டைக் கழற்றி நான் தேடியதில் பாதியளவு மிச்சம் என் டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதற்கு ஆணியும் வேண்டாம், கானும் வேண்டாம். அன்றைக்கு மனைவி கானில் இறங்கியதில் அந்தக் காற்றுக்கும் பங்கு இருந்திருக்கும். இதையும் நான் அவரிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். “அதையும் நீங்கதானே பார்க்கிற” என்றார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறக்கப்பட்டபோது, பழைய காரை விற்றுவிட்டு மச்சானுடையது போல ஒன்று எடுப்போமா என்று வீட்டில் பேச்சு வந்தது. நானும் மனைவியும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஸ்டியரிங்குக்காக மட்டும் என்றால் அந்த 14,000 ரூபாவைக் கொண்டு புதிய காருக்கும் பழைய காருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இந்தப் பிறவியில் அடைக்க முடியாது. எஞ்சின், பாரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு. என்றாலும் கையில் இருந்த சல்லிக்கு அதுவும் எட்டவில்லை. மகளின் படிப்பு முதலில் என்று மனைவி தாளை மடித்துவிட்டார்.

அதற்குச் சில நாட்களின் பின் மச்சான் வீட்டுக்குப் போனபோது அவர் தன் காரின் சாவியை ராத்தாவிடம் கொடுத்து, “ஒரு சுற்றுப் போய் வாங்க” என்றார். மனைவி முற்றத்தில் பலா மரத்துக்கும் மதிலுக்கும் இடையில் அதை ஒரே முறையில் திருப்பி எடுத்து வந்தார். இறங்கும்போது வலது தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் கார் இன்னும் ஓடுகிறது. உம்மாவின் கிளினிக்கும் மாதா மாதம் நடக்கிறது. டயர்க் காற்று பார்க்கும் பொறுப்பை மனைவி என்னிடமிருந்து எடுத்துவிட்டார். முதலாம் திகதி அளவியோடு வாசலில் இறங்கிவிடுவார். போன மாதம் பெல்ட்டில் வெடிப்பு விழுந்து கீச்சென்று சத்தம் போடத் தொடங்கியது. புதிதாக ஒன்று போடுவோமா, இதையே இறுக்கிக் கொஞ்ச நாள் ஓட்டுவோமா என்று நாநா கேட்டார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.